வால்வின் ஆயுள்

குண்டு பல்பு காலத்தில் வளர்ந்த யாருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். கூடத்தில் எரிந்த 60 வாட் பல்பு வருஷத்துக்கு ஒன்றாவது ஃப்யூஸ் ஆகும். அதே கூடத்தில் இருந்த வால்வு ரேடியோவின் பின்னட்டை ஓட்டை வழியே எட்டிப் பார்த்தால், அங்கேயும் நாலைந்து கண்ணாடிக் குமிழ்கள் செம்மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கும். அவற்றின் உள்ளே இருப்பதும் டங்ஸ்டன் கம்பிதான். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடிய கண்ணாடிதான் அவையும். ஆனால் பல்பு போய்க்கொண்டே இருந்தது; ரேடியோ வால்வை வருஷக்கணக்கில் யாரும் தொடவில்லை.

இன்று அந்தக் கேள்வி வேறு உருவில் திரும்ப வந்திருக்கிறது. வீட்டில் நல்ல இசைக் கருவி வைத்துக் கேட்பவர்கள் மறுபடி வால்வு முன்பெருக்கிகளைத் தேடி வாங்குகிறார்கள். ப்ரீஆம்ப் என்று கடையில் சொல்வார்களே, அதைத்தான் முன்பெருக்கி என்கிறேன். இசைத்தட்டு ஊசியிலிருந்தோ சிடி பிளேயரிலிருந்தோ வரும் மெலிந்த மின்னலையை வாங்கி, வேண்டிய அளவுக்கு உயர்த்தி, ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய ஆம்ப்ளிஃபையரிடம் ஒப்படைக்கும் பெட்டி அது. விலை லட்சங்கள் வரை போகிறது. வாங்குபவரின் முதல் கேள்வி: “எத்தனை வருஷம் வரும்?”

விற்பவர் பெரும்பாலும் கம்பெனிப் பெயரைச் சொல்வார். அல்லது, “அந்தக் கால ரேடியோ இன்னும் பாடுதே சார்” என்பார். இந்த இரண்டாவது பதிலை நம்பக் கூடாது. பாடுகிற ரேடியோ நம் கண்ணில் படுகிறது. காயலான் கடைக்குப் போனவை படுவதில்லை. நீண்ட ஆயுளுக்கான உண்மையான காரணம் வால்வுக்குள்ளேயும், அதைச் சுற்றியுள்ள சர்க்யூட்டுக்குள்ளேயும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தே பாதி விடையைச் சொல்லிவிடலாம்.

வெளிச்சத்துக்கு அல்ல, சூட்டுக்கு

பல்பின் வேலை வெளிச்சம் தருவது. அதற்காக டங்ஸ்டன் இழையை 2,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்ற வேண்டும். அந்தச் சூட்டில் டங்ஸ்டன் அணுக்கள் மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். இழை எங்கோ ஓரிடத்தில் மெலியும். மெலிந்த இடம் இன்னும் சூடாகும். ஒரு நாள் அறுந்துவிடும். பழைய பல்பின் கண்ணாடி உட்புறம் கறுத்திருப்பது இழையை விட்டுப் போன டங்ஸ்டனால்தான்.

வால்வுக்கு வெளிச்சம் வேண்டாம், எலெக்ட்ரான்கள் போதும். சூடான உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியே குதிக்கும் என்பதை விளக்கியதற்காக இங்கிலாந்தின் ஓவன் ரிச்சர்ட்சனுக்கு 1928-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. வெறும் டங்ஸ்டனிலிருந்து எலெக்ட்ரான்களை விரட்ட ஏறக்குறைய பல்பு அளவுச் சூடு தேவை. ஆனால் 1904-இல் ஜெர்மனியின் ஆர்தர் வெனெல்ட் ஒரு வழி கண்டார். உலோகத்தின் மேல் பேரியம் ஆக்சைடு போன்ற பொருள்களைப் பூசினால், மிகக் குறைந்த சூட்டிலேயே எலெக்ட்ரான்கள் தாராளமாக வரும். இன்றைய சிறு வால்வுகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. நடுவில் ஒரு மெல்லிய நிக்கல் குழல். அதன்மேல் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் கலந்த வெள்ளைப் பூச்சு. குழலுக்குள் டங்ஸ்டன் ஹீட்டர். எலெக்ட்ரான்களை வெளியிடும் அந்தக் குழல்தான் கேத்தோடு. அதன் வேலைச் சூடு 700 முதல் 800 டிகிரி வரைதான்.

கேத்தோடைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் உண்டு, அது கிரிட். அதற்கும் வெளியே பிளேட் என்னும் தகடு. பிளேட்டில் 200 வோல்ட் நேர்மின் அழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் அங்கே ஓடும். ஓட்டத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கிரிட். வயலுக்குப் பாயும் வாய்க்காலின் மடைப்பலகையை விரற்கடை தூக்கினாலே தண்ணீர் வேகம் மாறிவிடுகிறதல்லவா? அப்படித்தான் கிரிட்டில் ஏற்படும் சின்ன அசைவு பிளேட்டில் பெரிய அசைவாகிறது. பெருக்கம் என்பது இவ்வளவுதான்.

பேரியம் தீர்ந்தால்

பல்பு அறுந்து சாகிறது. வால்வு வற்றிச் சாகிறது. ஹீட்டர் அறுந்து போகும் வால்வுகளும் உண்டு, ஆனால் நல்ல வால்வின் வழக்கமான முடிவு வேறு. எலெக்ட்ரான்களை எளிதாக விடுவிப்பது பூச்சின் மேற்பரப்பில் இருக்கும் தனிப் பேரியம் அணுக்கள். நிக்கலில் கலந்திருக்கும் நுண்ணிய வேற்றுப் பொருள்கள் ஆக்சைடோடு வினைபுரிந்து இந்தப் பேரியத்தைச் சிறிது சிறிதாக விடுவிக்கின்றன. அது மேலே வருகிறது. கொஞ்சம் ஆவியாகிப் போகிறது. கீழேயிருந்து புதிதாக வருகிறது. வரவு குறைந்து செலவு மிஞ்சும்போது எலெக்ட்ரான் ஓட்டம் தளரத் தொடங்கும். ஒலியில் ஒரு சோர்வு தெரியும், இரைச்சல் ஏறும், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போகாது.

சூடு கூடினால் பேரியம் ஆவியாகும் வேகம் பலமடங்காகிறது. மிகவும் குறைந்தாலும் கெடுதல்தான்: வால்வுக்குள் மிச்சமிருக்கும் வாயுக்கள் பூச்சில் ஒட்டி அதை நஞ்சாக்கிவிடும். எனவே ஹீட்டருக்கு 6.3 வோல்ட் என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீண்ட ஆயுள் வேண்டுமென்றால் 5 சதவீதத்துக்குள், அதாவது 6.0 முதல் 6.6 வோல்ட்டுக்குள் நிறுத்த வேண்டும்.

எஞ்சிய வாயுவைத் தின்பதற்கென்றே வால்வுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு வால்வைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடியின் உச்சியிலோ பக்கவாட்டிலோ வெள்ளி பூசியது போன்ற பளபளப்பு தெரியும். அது கெட்டர்; தயாரிக்கும்போதே உள்ளே ஆவியாக்கிப் படியவிட்ட பேரியம். உள்ளே வரும் ஆக்சிஜனை அது உறிஞ்சிக்கொள்ளும். விளிம்பு பழுப்பாகி, பளபளப்பின் பரப்பு சுருங்கியிருந்தால் அது நிறையத் தின்றிருக்கிறது என்று பொருள். முழுக்கப் பால் வெள்ளையாகிவிட்டால் கண்ணாடி எங்கோ விரிசல் விட்டு வெளிக்காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வைக் குப்பையில் போடலாம். பழைய ஸ்டாக் வாங்கும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது இந்த வெள்ளிப் பூச்சைத்தான். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-இலிருந்து ரேடியோ வால்வுகள் செய்தது. ‘பெல்’ முத்திரையோடு அட்டைப்பெட்டி பிரிக்காத வால்வுகள் இப்போதும் கைமாறுகின்றன. எரியாத வால்வுக்குப் பேரியம் தீராது. கண்ணாடிக்குள் கம்பிகள் நுழையும் இடத்தில் கசிவு இல்லாமல் இருந்தால் போதும்.

கடலடியில் 22 ஆண்டுகள்

வால்வின் ஆயுளுக்கு உச்சவரம்பு எது? இதற்கு மனிதர்கள் செய்த ஒரு பெரிய சோதனை அட்லாண்டிக் கடலின் அடியில் நடந்தது. 1956 செப்டம்பர் 25 அன்று ஸ்காட்லாந்தின் ஓபனையும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தையும் இணைத்து முதல் அட்லாண்டிக் தொலைபேசிக் கேபிள் திறக்கப்பட்டது. டிஏடி-1 என்று பெயர். போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என இரு கேபிள்கள். குரல் தேய்ந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 70 கிலோமீட்டருக்கு ஒன்றாக 51 பெருக்கிகள். ஒவ்வொரு பெருக்கியிலும் 3 வால்வுகள். மொத்தம் 306 வால்வுகள் கடலுக்கடியில் இரவு பகலாக எரிந்தன. ஒன்று போனால் கப்பல் அனுப்பிக் கேபிளைத் தூக்க வேண்டும். 1978-இல் கேபிள் ஓய்வு பெறும்வரை, 22 ஆண்டுகளில், அவற்றில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை.

அந்த வால்வுகளை வடிவமைத்த அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் அதற்காக மந்திரம் எதுவும் செய்யவில்லை. வால்வின் பாகங்களை ஒன்றுக்கொன்று நெருக்காமல் தாராளமாக இடைவெளி விட்டார்கள். கேத்தோடுச் சூட்டைக் குறைத்தே வைத்தார்கள். பிளேட் வோல்ட்டேஜையும் தாழ்வாக வைத்தார்கள். 1930-களிலேயே உருவாகத் தொடங்கிய வடிவத்தை ஆண்டுக்கணக்கில் எரியவிட்டுப் பார்த்து, 1950-இல் ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட்டிலிருந்து ஹவானாவுக்குப் போட்ட கேபிளில் பரீட்சித்து, அதன் பிறகே அட்லாண்டிக்கில் இறக்கினார்கள். அப்போதே அதைவிடப் பெரிய பெருக்கம் தரும் வால்வுகள் வந்துவிட்டன. ஆனாலும் பழையதையே தேர்ந்தார்கள். இந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். எதையும் அதன் எல்லைக்குத் தள்ளாமல் பயன்படுத்துவதுதான் ஆயுளின் ரகசியம் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சான்று எனக்குத் தெரியாது.

ஒரு ஈசிசி83-இன் கணக்கு

இனி நம் வீட்டுப் பெட்டிக்கு வருவோம். முன்பெருக்கிகளில் மிகப் பரவலான வால்வு ஈசிசி83. அமெரிக்காவில் இதன் பெயர் 12ஏஎக்ஸ்7. 1940-களின் பின்பாதியில் வந்தது. கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக்குள் இரண்டு வால்வுகள் முதுகோடு முதுகாக நிற்கும். கித்தார் ஆம்ப்ளிஃபையர்களிலும் இதுவே இருப்பதால் இன்றுவரை தயாரிப்பு நிற்கவில்லை.

ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுவோம். பவர் சப்ளை 300 வோல்ட். பிளேட்டுக்கு மேலே 100 கிலோஓம் ரெசிஸ்டர், கேத்தோடுக்குக் கீழே 1.5 கிலோஓம். ஆயிரக்கணக்கான பெருக்கிகளில் காணப்படும் ஏற்பாடு இது. வால்வு வழியே ஓடும் மின்னோட்டம் சுமார் 1 மில்லிஆம்பியர். மேல் ரெசிஸ்டரில் 100 வோல்ட் போய்விடும். வால்வுக்கு மீதி 200 வோல்ட். எலெக்ட்ரான்கள் தகட்டில் மோதி உண்டாக்கும் வெப்பம் 200 வோல்ட் பெருக்கல் 1 மில்லிஆம்பியர்: 0.2 வாட். தயாரிப்பாளர் அனுமதிக்கும் உச்சம் 1 வாட். ஐந்தில் ஒரு பங்கு வேலைதான் கொடுக்கிறோம்.

இப்போது இன்னொரு பிரபல வால்வைப் பாருங்கள்: ஈசிசி88. டெலிவிஷன் பெட்டியின் அலைவாங்கிப் பகுதிக்காகப் பிறந்தது. கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே மயிரிழை இடைவெளி. இதன் தயாரிப்பாளர் அட்டவணை சொல்லும் வழக்கமான இயக்கம் 90 வோல்ட், 15 மில்லிஆம்பியர். அது 1.35 வாட், உச்சமோ 1.8. நாலில் மூன்று பங்கு. சில வடிவமைப்பாளர்கள் ஒலியில் துடிப்பு வேண்டும் என்று இதை இந்த அளவுக்கு ஓட்டுகிறார்கள். அப்படிப்பட்ட பெட்டி இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வால்வு கேட்கும். அதே வால்வை 5 மில்லிஆம்பியரில் நிதானமாக ஓட்டும் பெட்டிகளும் உண்டு. அவற்றில் அதே வால்வு நெடுநாள் வரும். வால்வு வகையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்காகவே இந்த ஒப்பீடு. இதன் உயர்ரக வடிவமான இ88சிசியை 10,000 மணி நேர உத்தரவாதத்தோடு விற்ற காலமும் இருந்தது. அது அட்டவணைக்குள் நடந்துகொள்பவர்களுக்கான உத்தரவாதம்.

ஒலிபெருக்கியை ஓட்டும் பெரிய வால்வுகளின் கதை வேறு. இஎல்34 போன்றவை 25 வாட் வரை தகட்டில் தாங்க வேண்டியவை. இரண்டாயிரம் மணி நேரத்தை ஒட்டி மாற்ற வேண்டியிருக்கும். முன்பெருக்கி வாங்குபவர் அந்த எண்களைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

அணைக்கலாமா, கூடாதா?

வால்வை அணைக்கவே கூடாது என்றொரு பேச்சு உண்டு. அதற்கு மரியாதைக்குரிய வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ரகசியச் செய்திகளை உடைக்க பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்குக்காகக் கொலோசஸ் என்ற இயந்திரத்தைக் கட்டியவர் டாமி ஃப்ளவர்ஸ். அஞ்சல் துறைத் தொலைபேசிப் பொறியாளர். சுமார் 1,600 வால்வுகள் கொண்ட இயந்திரம் ஒரு நாள்கூட ஓடாது என்று பலர் சொன்னார்கள். தொலைபேசி நிலையங்களில் வருஷக்கணக்கில் அணைக்காமல் எரிந்த வால்வுகளை அவர் பார்த்திருந்தார். போட்டு அணைக்கும்போதுதான் அவை போகின்றன என்பது அவருடைய அனுபவம். 1944 தொடக்கத்தில் கொலோசஸ் ஓடத் தொடங்கியது. அவர் சொன்னது சரியாக இருந்தது.

காரணம் எளிது. குளிர்ந்த டங்ஸ்டனின் மின்தடை, சூடான நிலையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. சுவிட்சைப் போட்ட நொடியில் பல மடங்கு மின்னோட்டம் ஹீட்டருக்குள் பாய்கிறது. கம்பி சட்டென்று நீள்கிறது, அசைகிறது.

ஆனால் நமக்கு அந்த விதி பொருந்தாது, ஏனென்று கணக்கே காட்டிவிடும். ஒரு நல்ல சிறு வால்வு 10,000 மணி நேரம் வரும் என்று வைத்துக்கொள்வோம். தினம் 4 மணி நேரம் பாட்டுக் கேட்டால் வருஷத்துக்கு 1,460 மணி. ஏறக்குறைய 7 வருஷம். அணைக்காமல் விட்டால் வருஷத்துக்கு 8,760 மணி. பதினான்கு மாதத்துக்குள் அதே 10,000 தீர்ந்துவிடும். ஆயிரத்தில் ஒரு வால்வு போனாலும் வேலை நின்றுபோகும் இயந்திரத்துக்கு உகந்த வழி, நாலு வால்வு கொண்ட வீட்டுப் பெட்டிக்கு வீண் செலவு. மாலையில் ஒருமுறை போடுங்கள், படுக்கப் போகும்போது அணையுங்கள். நடுவில் அரை மணி எழுந்து போனால் அப்படியே எரியட்டும். ஹீட்டருக்கு மெல்ல மெல்ல மின்சாரம் ஏற்றும் ஏற்பாடு சர்க்யூட்டில் இருந்தால் ஃப்ளவர்ஸின் கவலையும் தீர்ந்துவிடும்.

ஹீட்டரை மட்டும் எரியவிட்டு உயர் வோல்ட்டேஜை நிறுத்திவைக்கும் ‘ஸ்டாண்ட்பை’ சுவிட்ச் பல பெட்டிகளில் இருக்கிறது. அதை நாள்முழுக்கப் பயன்படுத்துவது நல்லதல்ல. அமெரிக்காவின் எம்ஐடியில் வேர்ல்விண்ட் கணினியைக் கட்டியபோது ஜே ஃபாரஸ்டரின் குழு இதைக் கண்டுபிடித்தது. சூடாக இருந்தும் மின்னோட்டம் ஓடாமல் காத்திருந்த வால்வுகளில், நிக்கலுக்கும் பூச்சுக்கும் இடையே மின்னோட்டத்தைத் தடுக்கும் ஒரு படலம் வளர்ந்திருந்தது. நிக்கலில் கலந்திருந்த சிலிக்கான்தான் காரணம். சிலிக்கான் இல்லாத நிக்கலைக் கொண்டு வால்வு செய்யச் சொன்னார்கள். ஆயுள் பல மடங்கு நீண்டது.

முதலில் போவது வால்வு அல்ல

இத்தனை நேரம் வால்வைப் பற்றிப் பேசினோம். ஆனால் முன்பெருக்கியின் ஆயுளை வெட்டுவது பெரும்பாலும் வேறு பாகம். வால்வை சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வேறு செருகலாம். போகும் என்று தெரிந்தே அப்படி வைத்திருக்கிறார்கள். போகும் என்று யாரும் நினைக்காத இடத்தில்தான் பெட்டி சாகிறது.

ஃபிலடெல்ஃபியாவில் டேவிட் ஹாஃப்லர் நடத்திய டைனகோ நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் விற்ற பிஏஎஸ்-3 முன்பெருக்கி நல்ல எடுத்துக்காட்டு. வாங்குபவரே வீட்டில் பற்றவைத்துக்கொள்ளும் கிட்டாகவும் கிடைத்தது. மிகப் பெரிய எண்ணிக்கையில் விற்றது. நான்கு 12ஏஎக்ஸ்7, மின்சாரத்தை நேராக்க ஒரு 12எக்ஸ்4. இன்று கைக்கு வரும் ஒரு பிஏஎஸ்-3 சரியாகப் பாடவில்லை என்றால் அனுபவசாலி வால்வைத் தொடமாட்டார். ஹீட்டர் மின்சாரத்தை நேராக்கும் செலீனியம் தகட்டு அடுக்கைத்தான் முதலில் பார்ப்பார். செலீனியம் வயதாக ஆக அதன் தடை ஏறும். ஹீட்டருக்குப் போகும் வோல்ட்டேஜ் இறங்கும். நல்ல வால்வுகூடச் செத்த வால்வாகத் தெரியும். சில ரூபாய் விலையுள்ள சிலிக்கான் டயோடுகள் அந்தக் குறையைத் தீர்த்துவிடும். அடுத்து, உருளை டப்பாவில் இருக்கும் எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர்.

இந்தக் கண்டென்சரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஒரு திரவம் ஊறிய காகிதம். சூட்டில் திரவம் ரப்பர் அடைப்பு வழியே மெல்லத் தப்பிக்கும். வயதானதன் தலை உப்பியிருக்கும். அடியில் பழுப்பாக ஒட்டிய கசிவு இருக்கும். இதன் ஆயுளுக்குப் பொறியாளர்கள் பின்பற்றும் ஒரு கைக்கணக்கு உண்டு: சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும்.

நம் வீட்டுக் கோடை அறை 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் வால்வுகள் 20 டிகிரி கூட்டும். கண்டென்சர் நிற்குமிடம் 55 டிகிரி. 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று முத்திரையிட்ட மலிவு ரகத்தைப் போட்டால், 30 டிகிரி குறைவு என்பதால் மூன்று முறை இரட்டிக்க வேண்டும்: 16,000 மணி. தினம் 4 மணி நேரத்துக்கு 11 வருஷம். 105 டிகிரியில் 5,000 மணி நேரம் என்ற ரகம் ஐந்து முறை இரட்டிக்கும்: 1,60,000 மணி. காகிதத்தில் நூறு வருஷத்தைத் தாண்டும். ரப்பர் அடைப்பு அவ்வளவு நாள் தாங்காது. பதினைந்து இருபது வருஷம் என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் விலை வித்தியாசம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு டீச் செலவு. அந்தக் காசை மிச்சம் பிடித்த கம்பெனி வேறு எதில் மிச்சம் பிடித்திருக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கண்டென்சர் எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். வால்வின் தோளை உரசிக்கொண்டு நின்றால் 55 டிகிரி 75 ஆகும். மேலே போட்ட கணக்கில் நாலில் ஒரு பங்கு ஆயுள்தான் மிஞ்சும்.

வருஷக்கணக்கில் போடாமல் கிடந்த பழைய பெட்டியை நேரே பிளக்கில் செருகக் கூடாது. கண்டென்சரின் உள்படலம் தளர்ந்திருக்கும். முழு வோல்ட்டேஜும் ஒரேயடியாக வந்தால் வெடிக்கவும் செய்யும். வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்க உதவும் வேரியாக்கில் வைத்து மெதுவாக ஏற்றத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இந்தக் கண்டென்சரில் 300 வோல்ட் தங்கியிருக்கலாம். அது ஆளைக் கொல்லும். மூடியைத் திறந்து கண்ணால் பாருங்கள், விரலை விடாதீர்கள்.

நம் ஊர் கரண்ட்

220 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய பெட்டி ஒன்றை வாங்குகிறீர்கள். இரவு பத்து மணிக்கு உங்கள் தெருவில் 250 வோல்ட் வருகிறது. ஹீட்டருக்கு 6.3-க்குப் பதிலாக 7.16 வோல்ட் போகும். 13 சதவீதத்துக்கு மேல் கூடுதல். சூட்டாகும் மின்சக்தி அதைவிடக் கூடுதலாக ஏறும். கேத்தோடு சில பத்து டிகிரி ஏறி, பேரியம் அவசரமாகத் தீரும். வால்வு அடிக்கடி போகிறது என்று கம்பெனியைத் திட்டுபவர்களில் பலர் முதலில் மீட்டரைச் சுவரில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஹீட்டருக்கு ரெகுலேட்டர் ஐசி வைத்த பெட்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. நம் நாட்டுக்கு நான் இதைச் சொகுசாக நினைக்கவில்லை. இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் நல்ல சர்வோ ஸ்டெபிலைசர். அமெரிக்காவிலிருந்து உறவினர் வழியாக வரும் பெட்டிகளில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அவை 60 ஹெர்ட்ஸுக்கானவை. நம் மின்சாரம் 50. வோல்ட்டேஜை இறக்கிக் கொடுத்தாலும், 60-க்கு மட்டுமே செய்த டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு 20 சதவீதம் கூடுதல் காந்தப்பாய்வைச் சுமக்க வேண்டும். உறுமும், சூடாகும். பின்பலகையில் 50/60 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் அனுப்புங்கள்.

மூடியைத் திறந்து பார்க்கும்போது

வால்வு சாக்கெட் எங்கே பொருத்தியிருக்கிறது? சேசிஸ் தகட்டில் திருகி, கம்பி இழுத்துப் பற்றவைத்திருந்தால் நல்லது. பிசிபி என்னும் அச்சிட்ட சர்க்யூட் போர்டில் நேரடியாகப் பற்றவைத்திருந்தால், வால்வைச் செருகும் ஒவ்வொரு முறையும் போர்டு வளையும். வருஷம் போகப் போகச் சூட்டில் கருகி, ஈயப் பற்று விரிசல் விடும். தடித்த போர்டும் சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே தாங்கும் திருகும் இருந்தால் மன்னிக்கலாம். வால்யூம் கன்ட்ரோலும் செலக்டர் சுவிட்சும் எங்கும் கிடைக்கும் அளவுதானா என்று பாருங்கள். தேய்வது உறுதி.

வால்வு வகை இன்றும் பல ஆலைகளில் தயாராகிறதா? ஈசிசி83, ஈசிசி82, ஈசிசி88, 6எஸ்என்7 ஆகியவற்றை ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவின் சாராத்தோவ் ஆலை, சீன ஆலைகள் என ஒன்றுக்கு மேற்பட்டோர் செய்கிறார்கள். இது சின்ன விஷயமில்லை. 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதி தடைபட்டபோது உலகெங்கும் வால்வு விலை துள்ளியது. ஒரே ஆலையை நம்பிய பெட்டிகள் வைத்திருந்தவர்கள்தான் தவித்தார்கள். ஒலி எவ்வளவு தேனாக இருந்தாலும், ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும் அபூர்வ வால்வில் ஓடும் பெட்டியை நீண்ட நாளுக்கென்று நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சர்க்யூட் படம் தருவார்களா என்று கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்; அவர் கடை மூடிய மறுநாள் உங்கள் பெட்டியை யாராலும் பழுதுபார்க்க முடியாது.

வாங்கிய பிறகு ஒருநாள் இடது ஸ்பீக்கரில் மட்டும் கரகரப்பு வந்தால், உடனே புது வால்வு வாங்க ஓடாதீர்கள். அணைத்து, ஆறவிட்டு, இடது வலது வால்வுகளை இடம் மாற்றுங்கள். கரகரப்பு வலது பக்கம் போய்விட்டால் குற்றவாளி வால்வு. இடது பக்கமே நின்றால் வால்வு நிரபராதி; கண்டென்சரையோ சாக்கெட்டையோ தேட வேண்டும். இடதும் வலதும் ஒரே வால்வுக்குள்ளேயே இருக்கும் பெட்டிகளில் இந்தச் சோதனை செல்லாது; அதற்காகவே ஒரு நல்ல வால்வைக் கையிருப்பில் வைத்திருங்கள்.

பெட்டி புதிதாக இருக்கும்போதே தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒவ்வொரு வால்வுக்கும் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள்: ஹீட்டர், பிளேட், கேத்தோடு. நம் கணக்கின்படி 6.3, 200, 1.5 வோல்ட். அவற்றைத் தேதியோடு மூடியின் உட்புறம் எழுதிவையுங்கள். கேத்தோடு 1.5-இலிருந்து இறங்கி பிளேட் 200-இலிருந்து ஏறியிருந்தால் வால்வு வற்றுகிறது. மூன்றும் சேர்ந்து இறங்கியிருந்தால் பவர் சப்ளை. பத்து வருஷம் கழித்துப் பெட்டியைத் திறப்பவர் யாராக இருந்தாலும், பற்றுக்கோலைச் சூடாக்குவதற்கு முன்பே எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.